புருவம் வரைக்கும் பரிவட்டம்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கம்பளித் தொப்பியில் தொடங்கியது.

என் பெயர் பிரசாந்தி, யாழ்ப்பாணத்துக்காரி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சட்டம் காதில் சரியாக உட்காருகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று பார்த்து, வளைத்து, முடுக்கிக் கொடுப்பது என் தொழில். கதை எழுதுவது தொழில் இல்லை. பிளாக்ஹவுஸ் பேயில் என் வீட்டில் அதை யாரும் ஒரு வேலையாக மதிப்பதும் இல்லை; பிள்ளைகளுக்கு, அம்மா டைப் அடிக்கிறா என்பதோடு சரி.

போன குளிர்காலத்தில் மோகனதாஸ் கடைக்கு வந்தார். எழுபத்தைந்து வயது. பினாங்கில் பிறந்து, முப்பது வருடங்களுக்கு முன் மனைவி மகளோடு ஆக்லாந்துக்கு வந்து, சாலை எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இப்போது இல்லை. தொப்பியைப் புருவம் தொடுகிற அளவுக்கு இழுத்து விட்டிருந்தார். அளவெடுக்க வேண்டும், கழற்றுங்கோ அங்கிள் என்றேன். கழற்றினார். கழற்றிய வேகத்திலேயே இடது கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டார்.

காயமோ, கட்டியோ, அறுவைச் சிகிச்சைத் தழும்போ என்று நினைத்தேன். கையை மெல்ல எடுக்கச் சொல்லிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அகலமான, சுத்தமான நெற்றி. வெயில் படாமல் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பழக்கம்மா. எங்கப்பா இப்படித்தான், தாத்தாவும் இப்படித்தான். நாங்க பரிவட்ட வீட்டுக்காரங்க லா. நெத்திய சும்மா எல்லாருக்கும் காட்ட மாட்டோம்."

பரிவட்டம் தெரியும்தானே? கோயிலில் பெரிய மனிதர்களுக்கு மரியாதையாகத் தலையைச் சுற்றிக் கட்டிவிடும் துணி. யாருக்கு முதலில் கட்டுவது என்று ஊர்கள் கோர்ட்டுவரை போயிருக்கின்றன. அந்த உரிமை உள்ள வீட்டுக்காரர் கம்பளித் தொப்பியோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கதை எழுதுகிறவளுக்கு இது போதாதா? கண்ணாடி தயாராவதற்குள் மூன்று முறை அவரைப் பிடித்து வைத்துக் கதைத்துவிட்டேன்.

2

அவர் சொன்னது இது. தாத்தாவுக்குத் தாத்தா சின்னமுத்து. தஞ்சாவூர்ப் பக்கம் கீழத்தோப்பு என்ற ஊர். பினாங்குக்கு வந்து மலைச்சாலை போட்ட பெரிய காண்ட்ராக்டர். சாலையைப் பார்த்து மனம் குளிர்ந்த கவர்னர் துரை, உனக்கு என்ன வேண்டும் கேள் என்றாராம். எனக்கு வேறெதுவும் வேண்டாம், கோயிலில் பரிவட்டம் போதும் என்றாராம் இவர். அன்று கட்டிய பரிவட்டத்தோடுதான் கடைசிவரை இருந்தார். படுக்கும்போதும் கழற்றமாட்டார், குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

(இந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கோயில் மரியாதையை யாராவது குளிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்களா? படவில்லை. கதை நன்றாக இருந்தது.)

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் புறப்படுகிற ஆணுக்கும், சண்டைக்குப் புறப்படுகிற ஆணுக்கும் வீட்டில் மூத்தவர்கள் வெள்ளைத் துணியால் பரிவட்டம் கட்டி அனுப்புவார்கள். இரண்டே விதிகள். துணி புருவம் வரைக்கும் இறங்க வேண்டும். கட்டுகிறவர் சின்னமுத்துவின் கதையைச் சொல்லிக்கொண்டே கட்ட வேண்டும்; கதை முடிகிறபோதுதான் முடிச்சு விழ வேண்டும். பாதிக் கதையில் முடிச்சுப் போட்டால் ஆகாது.

மோகனதாஸின் அப்பா கதிர்வேல் 1941இல் பிரிட்டிஷ் தொண்டர் படையின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தபோது அவருக்கும் அப்படித்தான் கட்டினார்கள். சிங்கப்பூர் விழுந்தது, ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டார், சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், ஆளில் பாதியாகத் திரும்பி வந்தார். பின்னால் தபாலில் இரண்டு மெடல் வந்தது. அவற்றை ஆணியும் திருகும் கிடக்கிற டப்பாவில் போட்டு வைத்தார். துணியை மட்டும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அந்தத் துணி இப்போது இங்கே ஆக்லாந்திலேயே, வெஸ்ட்கேட்டில், மோகனதாஸின் அக்கா ராஜம்மாவிடம், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.

இனி மகள். ஷாமினிக்கு நாற்பத்தொன்று. நியூசிலாந்து ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவள். 2010இல் ஆப்கானிஸ்தானின் பாமியானுக்கு ஆறு மாதம் போனாள். போகும்போது மோகனதாஸ் அக்காவிடம் துணியைக் கேட்டார். பொம்பளப் பிள்ளைக்கு வழக்கமில்ல என்று ராஜம்மா சொல்லிவிட்டார். மோகனதாஸ் மறுபேச்சுப் பேசவில்லை. விமான நிலையத்தில் மகளின் தலையில் கையை வைத்தார், எடுத்தார், வீட்டுக்கு வந்தார். அந்த ஆறு மாதமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. அவள் நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகும் அது போகவில்லை. சண்டைக்குப் போன பிள்ளையை வெறுந்தலையோடு அனுப்பினேன் என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் முதல் முறை சொல்வதுபோலவே சொன்னார்.

இங்கே ஏப்ரல் இருபத்தைந்து ஆன்சாக் தினம், போருக்குப் போனவர்களை நினைக்கிற நாள். தங்களுடைய மெடலை இடது மார்பில் குத்திக்கொள்வார்கள். தாத்தா பாட்டனுடைய மெடல் என்றால் வலது மார்பில். இந்த வருடம் ஷாமினி இரண்டு பக்கமும் குத்திக்கொண்டு நடக்கப்போகிறாள். அதற்கு முன், பதினைந்து வருடம் பிந்தியாவது, அவளுக்குப் பரிவட்டம் கட்டிவிட வேண்டும் என்பது மோகனதாஸின் ஆசை. ராஜம்மாவைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வருடம் பிடித்ததாம்.

சிக்கல் என்னவென்றால் அவருக்கு ஞாபகம் அங்கங்கே நழுவுகிறது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடுவார். அதனால்தான் என்னிடம் கேட்டார்: "மூணு பக்கம் எழுதிக் குடும்மா. ரெண்டு கையும் துணியில இருக்கும். நீ பக்கத்துல நின்னு தாளப் பிடிச்சுக்க, நான் பாத்துப் படிச்சுக்கிறேன்."

ஆக, வாசகரே, இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான். மகளின் தலையில் அந்தத் துணியைக் கட்டும்போது மோகனதாஸ் என்ன சொல்லப்போகிறார்? மற்றதெல்லாம் அதைச் சுற்றி நான் போடுகிற வேலி.

3

தொடக்கம் ஒன்று: கவர்னர் துரையின் குதிரை மலைச்சாலையின் கடைசி வளைவில் நின்றது. கைகட்டி நின்ற சின்னமுத்துவைப் பார்த்துத் துரை மெல்ல

(துரை எந்த மொழியில் கேட்டார்? சின்னமுத்து எந்த மொழியில் பதில் சொன்னார்? விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: சிங்கப்பூர் விழுந்த அன்று கதிர்வேலின் கையில் ஸ்ட்ரெச்சரின் பின்பக்கம் இருந்தது. முன்பக்கத்தைப் பிடித்திருந்தவர்

(யாரென்று தெரியாது. எனக்கு மட்டுமில்லை, கதிர்வேலின் மகனுக்கும் தெரியாது.)

தொடக்கம் மூன்று: ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதுதான் நின்றது. ஏன் என்று போகப் போக விளங்கும்.

முதல் வரைவை மோகனதாஸிடம் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாலைப் படங்களைத் திருத்திப் பழகிய கை. அவருடைய குடும்பம் 'கதைத்தது' என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 'பேசியது' என்று போட்டார். ராஜம்மாவை நான் 'ஓம் தம்பி' என்று சொல்ல வைத்திருந்தேன்; அதைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவருக்கு. எங்கக்காவ ஒரே ராத்திரியில யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிட்டியே என்றார். எனக்கும் சிரிப்புத்தான்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்காத இடம் ஒன்று வந்தது. சயாம் காட்டில் கதிர்வேல் பரிவட்டத்தைப் பாதியாகக் கிழித்து ஒருவருடைய கால் புண்ணில் கட்டினார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. டின்னில் இருப்பது மீதிப் பாதிதான். இன்னொரு பாதி புதுத்துணி வைத்துத் தைத்தது. நான் அந்த ஒருவரை நியூசிலாந்துக்காரர் ஆக்கியிருந்தேன். ஆக்லாந்தில் நடக்கிற கதைக்கு எவ்வளவு வாகாக இருக்கும் பாருங்கள்! அப்பா அங்கே ஒரு நியூசிலாந்துக்காரரைக் காப்பாற்றினார், மகன் இங்கே வந்து குடியேறினான், பேத்தி இந்த நாட்டுக்காகவே சண்டைக்குப் போனாள். எழுதி முடித்து என் முதுகை நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

மோகனதாஸ் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை மட்டும் அடித்தார்.

"எங்கப்பா 'ஒரு ஆளு'ன்னுதான் சொன்னாரு. எந்த நாட்டு ஆளுன்னு சொல்லல. தெரியாதத எழுதாதம்மா. தெரிஞ்சுக்கிட்டு எழுது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது நியாயம். சரி, இனித் தெரிந்துகொண்டே எழுதுவோம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். கவர்னர் யார், சாலை எந்த வருடம், பரிவட்டம் எந்தக் கோயில்? பழைய பினாங்குப் பதிவேடுகள் வைத்திருக்கிற ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

இந்தக் கதையில் யாராவது தப்புச் செய்தார்கள் என்றால், அந்தக் கடிதம்தான் தப்பு. இல்லை, அதுவும் தப்பில்லை. எனக்கு இன்னும் தெரியவில்லை.

4

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. காண்ட்ராக்டர்களின் பட்டியலில் நீங்கள் கேட்ட பெயர் இல்லை, ஆனால் வேறொரு பட்டியலில் இருக்கிறது என்று மிக மரியாதையாக எழுதி, ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள்.

அது கைதிகளின் பட்டியல். ஒரே ஒரு வரி. சின்னமுத்து, தகப்பன் பெயர் காத்தான், தஞ்சாவூர் ஜில்லா கீழத்தோப்பு, வயது இருபத்திரண்டு. குற்றம்: கூட்டுக்கொள்ளை. தண்டனை: ஆயுள். வந்த வருடம்: 1838. வேலை: மலைச்சாலை. விடுதலைச் சீட்டு: 1856. கடைசிக் கட்டத்தில், அடையாளம் என்ற தலைப்பின் கீழே, நெற்றியில் எழுத்து.*

வேறொரு சின்னமுத்துவாக இருக்கும் என்று இரண்டு நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். மோகனதாஸ் எழுதித் தந்த குடும்ப வரிசையை எடுத்துப் பார்த்தேன். உச்சியில் காத்தான். அதன் கீழே சின்னமுத்து. ஊர், கீழத்தோப்பு. தேற்றிக்கொள்ள இடமில்லை.

* தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து ஆயுள் கைதிகளைக் கடல் கடத்தி அனுப்பினார்கள். அனுப்புமுன் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் தீர்ப்பு நாளையும் அவரவர் மொழியிலேயே பச்சை குத்திவிடுவார்கள். தப்பி ஓடினாலும் முகமே காட்டிக்கொடுக்கும் அல்லவா? ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளின் கடைசியில் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். குத்தியதை யாராலும் எடுக்க முடியவில்லை. சிலர் முடியை வளர்த்து மறைத்தார்கள். சிலர் தலைப்பாகையை இறக்கிக் கட்டினார்கள்.

படித்தீர்களா? புருவம் வரைக்கும்.

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? அவனை எப்படி நல்லவனாக்குவது என்று. ஒரு வரைவில், பஞ்சத்தில் பிள்ளைகளுக்காக நெல் மூட்டையைத் தூக்கினான். வரைவில் பஞ்சம் நன்றாக இருந்தது. பட்டியலில் பஞ்சம் இல்லை. இன்னொரு வரைவில், கொடுமைக்காரப் பண்ணையாரின் வீட்டில்தான் கொள்ளையடித்தான். மூன்றாவதில், அவன் செய்யவே இல்லை, அண்ணனுக்காகப் பழியை ஏற்றான். மூன்றையும் அழித்தேன். கூட்டுக்கொள்ளை என்றால் யாரோ ஒரு வீட்டுக் கதவை உடைத்திருப்பார்கள், உள்ளே யாரோ பயந்து அலறியிருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் எங்காவது இருப்பார்கள், அவர்களுக்கும் கதை இருக்கும். சின்னமுத்துவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு வரிதான். அந்த வரிக்குப் பிறகு அவன் சாலை போட்டான், பதினெட்டு வருடம் கழித்து விடுதலைச் சீட்டு வாங்கினான், கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான். அந்தப் பிள்ளைக்கு ஒரு கதை சொல்ல வேண்டி வந்தது. சொன்னான்.

அவனும் கதை எழுதியவன்தான். என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறான். நூற்றெழுபது வருடம் நின்றிருக்கிறதே.

5

(இனி மோகனதாஸின் தலைக்குள் போகிறேன். அனுமதி வாங்கியாகிவிட்டது. போயிட்டு வாம்மா, அங்க பெருசா ஒண்ணும் இருக்காது என்றார்.)

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து மோகனதாஸ் அப்பாவின் மெடல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் (நான்தான்) வந்து உட்கார்ந்ததும் கோப்பி வேண்டாம் என்றாள். அப்போதே ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. எப்போதும் இரண்டு கோப்பை குடிக்கிறவள்.

தாளை நீட்டினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கட்டம் கட்டமாக, வரைபடம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது மலைச்சாலை என்ற சொல்தான். சாலை போட்டது நிஜம்தான் அப்போ என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு முன் கட்டங்களுக்குத் திரும்பிக் குற்றத்தைப் படித்தார். பிறகு கடைசிக் கட்டத்தைப் படித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னாள்.

வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை. எழுபத்தைந்து வயதில், தன் சமையலறையில், யாரோ ஒரு பெண்ணின் முன்னால் திருடன் வீட்டுப் பிள்ளையாக உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருந்தது. கல்யாணத்தன்று புருவம் வரைக்கும் துணி இறங்கியிருக்க, ராஜாவைப் போல நிமிர்ந்து நடந்தது ஞாபகம் வந்தது. அந்தப் படம் இன்னும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அதைத் திருப்பி மாட்ட வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடமே கோபம் வந்தது.

"உன்ன யாரும்மா தேடச் சொன்னது?"

"நீங்கதான் அங்கிள். தெரிஞ்சுகொண்டு எழுது எண்டு நீங்கதான் சொன்னீங்க."

மெடல் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சுவரில் அப்பாவின் படம்: சீருடை, தொப்பி புருவத்தில் இடிக்கிறது. தபாலில் இந்த மெடலை அனுப்பியதும் அதே சர்க்கார்தான், அந்த எழுத்தைக் குத்தியதும் அதே சர்க்கார்தான்.** அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் திருகு டப்பாவில் போட்டாரா? யாரைக் கேட்பது?

தண்ணீர் எடுக்க எழுந்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஷாமினியின் படம் ஒட்டியிருந்தது. பாமியானில் எடுத்தது, பதினைந்து வருடமாக அங்கேயே இருக்கிறது. ஹெல்மெட் புருவம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஹெல்மெட்டின் முன்பக்கம், நெற்றிக்கு நேராக, கறுப்பு மார்க்கரில் அவளுடைய பெயரும் ரத்த வகையும் எழுதியிருக்கிறது. தினம் பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிற படம். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு திரும்பாமலே கேட்டார். "என்ன எழுத்துல எழுதியிருப்பாங்க?"

"தமிழிலதான் அங்கிள்."

"அப்ப படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் படிச்சிருப்பாங்க." தம்ளரை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். "ரோட்டுல எதிர்ல வர்றவன், கடைக்காரன். பெத்த பிள்ளைகூட."

 ** அப்போது இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனி, பிறகு வந்தது பிரிட்டிஷ் மகுடம், இரண்டும் வேறு என்று வரலாறு படித்தவர்கள் எழுதுவார்கள். சரி. நெற்றிக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

6

இந்த இடத்தில் நான் ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எனக்கும் முடிவு தெரியாது. சும்மா இருக்க முடியாமல் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. மோகனதாஸ் யாரிடமும் சொல்லவில்லை. கவர்னர் கதையைச் சொல்லிக் கட்டினார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். (இதில் குறை ஒன்றும் இல்லை. நூற்றெழுபது வருடம் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவள் நான்.)

முடிவு இரண்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராஜம்மா துணியைத் தூக்கி எறிந்துவிட்டு (இல்லை. ராஜம்மாவால் அதைத் தூக்கி எறிய முடியாது. அவருடைய அப்பா சயாமிலிருந்து கொண்டுவந்த பாதித் துணி அது.)

முடிவு மூன்று. ராஜம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். அம்மா காதில் சொல்லி வைத்திருந்தார். (இது வரும் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள்தானே? வயதான பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று முடித்தால் எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம். ராஜம்மாவுக்குத் தெரியாது. அவருடைய முகத்தை நான் பார்த்தேன்.)

ஷாமினிக்கு மட்டும் சொன்னார். காரில் போகும்போது, சிக்னலில் நின்ற நேரத்தில், முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாராம். அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள், அவள் எப்போதும் அப்படித்தான். தமிழில் எழுதுவது நான். எனக்கும்தான் பெயரெழுதி அனுப்பினார்கள், செத்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்றாளாம். பிறகு, அந்தத் துணி எனக்கு அப்போதும் வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டும், அது யாருடைய துணியாக இருந்தாலும் என்றாளாம். மோகனதாஸ் பச்சை விளக்கைக் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. எழுபத்தெட்டு வயது. இடது காது மந்தம். அந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பக்கத்தில் நின்று, கதையில் ஒரு சொல் தவறினால் திருத்துகிறவர். அவரிடமிருந்து கவர்னரைப் பிடுங்கினால் மீதி என்ன இருக்கும்? ஏப்ரல் இருபத்துநான்கு மாலை போன் செய்தார். பழைய மூணு பக்கத்தக் கொண்டு வா என்றார். ஓம் அங்கிள் என்றேன். போனை வைக்கப் போகும்போது, அந்த ஒரு வரித் தாளையும் கொண்டு வா என்றார்.

7

ஆன்சாக் தின விடியற்கால நிகழ்ச்சிக்கு ராஜம்மாவின் முட்டி ஒத்துழைக்காது என்பதால் பதினொரு மணி நிகழ்ச்சிக்குப் போவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு நான் மோகனதாஸ் வீட்டுக்குப் போனபோது வரவேற்பறை வெயிலாக இருந்தது. ஷாமினி கறுப்புக் கோட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் அவளுடைய மெடல், வலது பக்கம் தாத்தாவுடையது இரண்டு. மோகனதாஸ் தொப்பி போடவில்லை. அந்த வீட்டில் நான் அவரை முதல் தடவையாக வெறும் நெற்றியோடு பார்த்தேன். ராஜம்மாவும் பார்த்தார். சளி பிடிக்கப்போகுது என்றார்.

ராஜம்மா தான் கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். பாதி பழுப்பு, பாதி வெள்ளை. கற்பூர வாசனை. துணியை இரண்டு கையாலும் எடுத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, நல்ல காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டார். நான் ஷாமினியின் தோளுக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் கவர்னர் கதை. அதன் பின்னால், ஒரே கிளிப்பில், அந்த ஒரு வரி.

மோகனதாஸ் தொடங்கினார். "தாத்தாவுக்குத் தாத்தா சின்னமுத்து. காத்தான் மகன். ஊரு கீழத்தோப்பு. பினாங்கு மலையில சாலை போட்டவரு."

எல்லாம் உண்மை. ராஜம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அடுத்த வரி, கவர்னர் துரை. மோகனதாஸ் தாளைப் பார்த்தார். படிக்கவில்லை. துணியின் நடுப்பகுதியை மகளின் தலையில் வைத்தார். வைத்து, முடி தொடங்குகிற இடத்துக்கு மேலே ஏற்றினார். பின்னால் கொண்டுபோய் இரண்டு முனையையும் கையில் பிடித்தார். ஷாமினியின் நெற்றி முழுசாகத் தெரிந்தது. அகலம், அவருடையது மாதிரியே.

"தாஸு," என்றார் ராஜம்மா. "இறக்கிக் கட்டு. புருவத்துக்கு வரணும்."

"வேணாங்க்கா. பிள்ள நெத்தி தெரியட்டும்."

"ஏன்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரியாமல் கேட்டார். அந்த முகத்தைத்தான் நான் பார்த்தேன் என்று முன்பே சொன்னேன். ஷாமினி கண்ணை மூடிக்கொண்டாள். மோகனதாஸ் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஞாபகம் நழுவியதா, நெஞ்சை அடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அவருடைய தலைக்குள் போக எனக்கு அனுமதி இருந்தும் அந்த நேரத்தில் நான் போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தாளைத் திருப்பும்மா என்று சொல்கிற பார்வையா, தாளை மறைத்துவிடு என்கிற பார்வையா? இரண்டுமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

8

இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

நான் எழுதினால் கவர்னரைக் கொண்டுவந்து விடுவேன். அல்லது பஞ்சத்தை. எனக்கு என்னைத் தெரியும். சின்னமுத்துவைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாமும் இப்போது உங்களுக்கும் தெரியும், ஒரு வரி கூடவோ குறையவோ இல்லை.

துணி இன்னும் மகளின் தலையில் இருக்கிறது. முடிச்சு விழவில்லை, கதை முடிந்தால்தான் விழும் என்பது அந்த வீட்டு விதி. மோகனதாஸின் இரண்டு கையும் துணியில் இருக்கின்றன, நெடுநேரம் பிடித்திருக்க முடியாது. ராஜம்மா பதிலுக்காக நிற்கிறார். தாள் இப்போது உங்கள் கையில்.

வாசிக்கும்போது ராஜம்மாவின் வலது பக்கமாக நின்று வாசியுங்கள். மற்றக் காது மந்தம்.